கடைசி ஆளாய் நடந்தவர்

தளவாய் அண்ணாச்சி என் சலூனில் முறைக்குக் காத்திருந்த பெஞ்சிலேயே இறந்துபோன மூன்றாம் நாள் காலையில், ஊருக்கு மேற்கே ஐந்து மைல் தள்ளி ஆனைக்கால் மலையில் கிடந்த ஒற்றையடிப் பாதை, தன் புல்லோடும் சரளைக்கல்லோடும் காய்ந்த ஆட்டுப் புழுக்கையோடும் இறங்கி வந்து, பைபாஸ் ரோட்டைக் குறுக்கே தாண்டி, பெட்ரோல் பங்க்கைச் சுற்றிக்கொண்டு, வடக்குத் தெரு வழியாக நடந்து, சாவு வீடு என்பதால் கோலம் போடாமல் கிடந்த அவர் வீட்டு வாசலில், படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

முதலில் பார்த்தது பால்காரர். பாலை ஊற்றிவிட்டு, மலைப்பாதை வந்திருக்கு என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து அண்ணாச்சியின் மனைவி பிரம்மசக்தி மதினி, சரி என்றாள். அவ்வளவுதான் நடந்தது. மேல்முனை மலையுச்சிச் சுனையில் இருக்க, கீழ்முனை மட்டும் எப்படி ஐந்து மைல் நீண்டது என்று நெடுவரம்பு ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஏன் வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். தப்பு எங்கள் மேல் இருந்ததால் வாயைத் திறக்காமல் இருந்தோம்.

அண்ணாச்சிக்கு வேலை கரண்டு ஆபீசில் லைன்மேன். வாரத்தில் ஆறு நாள் கம்பத்தில் ஏறுவார், ஏழாம் நாள் மலையில் ஏறுவார். சும்மா ஏற மாட்டார், ஊரையும் கூட்டிக்கொண்டுதான் ஏறுவார். ஐந்தாம் வகுப்பு பாஸான பிள்ளைகளை, கல்யாணமாகி மறுவீடு முடிந்த சோடிகளை, சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லி முகம் செத்துப்போனவர்களை, பரீட்சையில் தோற்றவர்களை, பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு என் கடையில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பவர்களை, யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கூட்டிக்கொண்டு போய், சுனையில் குளிக்கவைத்து, மதினி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிடவைத்து, பொழுது சாய்வதற்குள் அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பார். வரும்போது மலைநெல்லியோ தேனோ கொண்டுவந்து தெருவுக்குப் பங்கிடுவார். வழியில் யார் வீட்டிலும் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டார். வீட்டில் தேடுவாவ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். முப்பத்தொரு வருஷம் இப்படி. ஊரில் மலை ஏறாத ஆள் ஒருத்திதான், அது பிரம்மசக்தி மதினி. முதலில் மகள் கைக்குழந்தை, பிறகு மாமியார் ஒன்பது வருஷம் படுக்கை, அதற்கப்புறம் போகாததே பழக்கமாகிவிட்டது.

கூட்டிக்கொண்டு போவார் என்று சொன்னேனே தவிர அவர் முன்னால் நடந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எத்தனை பேர் போனாலும் அவர்தான் கடைசி ஆள். முன்னால் போனால் ஆள் கணக்குத் தப்பிவிடும் என்பார். அதனால் ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் திரும்பிப் பார்ப்போம், அவர் கையைத் தூக்கிக் காட்டுவார், நாங்கள் மேலே நடப்போம். இப்படித் திரும்பித் திரும்பி எங்கள் ஊர்க்காரர்களின் கழுத்துக்கே அது பழகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு முக்கில்கூட ஆட்கள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். வெளியூர்க்காரர்கள், கடன்காரனுக்குப் பயந்த ஊர் போலிருக்கிறது என்று சிரிப்பார்கள்.

அவர் இறந்த அன்றைக்கு என் கடையில் நான் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை அண்ணாச்சிக்கு. அண்ணாச்சி, வாங்க என்று சொன்னேன். பேப்பரைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். தெரிந்துவிட்டது. திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு மீதித் தலையையும் வெட்டி, கழுத்தில் பவுடர் போட்டு, துண்டை உதறின பிறகுதான் வெளியே போய் ஆட்களைக் கூப்பிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கை வேலையைச் செய்தது, நான் எங்கேயோ இருந்தேன்.

எங்கள் ஊரில் சலூன் வைத்திருப்பவன்தான் சாவுக் காரியங்களையும் முன்னின்று செய்ய வேண்டும், என் அப்பாவுக்குப் பிறகு நான்தான் செய்கிறேன். கொள்ளி வைத்து முடிந்ததும், எல்லாரும் திரும்பிப் பாக்காம நடங்க என்று சொல்ல வேண்டியது என் வேலை. திரும்பிப் பார்த்தால் போகிறவர் போக மாட்டார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சொன்னேன். இருநூறு ஆண்கள் சுடுகாட்டிலிருந்து வாயைத் திறக்காமல் நடந்தோம். தென்னந்தோப்பு வளைவு வந்தது. இருநூறு பேரும், சொன்ன நானும் சேர்ந்து, கடைசி ஆள் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தோம். பார்த்த பிறகுதான் யாரைப் பார்த்தோம் என்று உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்கு வந்து தலை முழுகினோம். இரண்டு நாள் கழித்துப் பாதை வந்தது.

வந்ததை ஊர் ஏற்றுக்கொண்ட விதத்தில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. மினிபஸ்காரர் இரண்டு நாள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளிலிருந்து கிழக்குத் தெரு வழியாகப் போனார். வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து டேப்பு பிடித்து அளந்து, பாதை வனத்துக்குச் சொந்தம், அது கிடக்கும் தார்ரோடு பேரூராட்சிக்குச் சொந்தம் என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். மழை தூறிய அன்று பாதையிலிருந்து அட்டை இறங்கி ரேஷன் கடை வரிசையில் ஆட்களின் காலில் ஏறியது. அதிலிருந்து வரிசையில் நிற்பவர்கள் கையில் உப்புப் பொட்டலம் வைத்துக்கொண்டார்கள். ஒரு முள்ளம்பன்றி காலை ஏழு மணிக்கு வந்து ஈ.பி. குவார்ட்டர்ஸ் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. வார்டு மெம்பர் பேவர் பிளாக் போட்டுத் தருகிறேன் என்றார். நாங்கள் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை.

பாதையில் முதலில் கால் வைத்தது சங்கரபாண்டி. அண்ணாச்சியோடு இருபது வருஷம் லைன்மேனாக இருந்தவன், அண்ணாச்சி கீழே நின்று கயிறு பிடித்தால்தான் கம்பத்தில் ஏறுவான். போய்விட்டு மத்தியானம் வந்தான். நேரே என் கடைக்கு வந்து, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அழுதான். சாவன்று அழாதவன்.

"வேலாயுதம், அண்ணாச்சி பின்னால வாராவ," என்றான். "பங்க் தாண்டினதுல இருந்து காலடிச் சத்தம் கேக்கு. திரும்பினா ஒண்ணும் இல்ல. நடந்தா கேக்கு."

அதற்கப்புறம் ஊர் தாங்கவில்லை. விடியற்காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஆள் மாறி ஆள் நடந்தார்கள். தனியாகப் போனவர்களுக்கும் கேட்டது, கூட்டமாகப் போனவர்களுக்கும் கடைசி ஆளுக்குப் பின்னால் கேட்டது. திருப்பூரிலிருந்து, மும்பையிலிருந்து, லீவு போட்டுவிட்டு வந்து நடந்தார்கள். நானும் போனேன். செத்த மனுஷனைக் காக்கவைத்துவிட்டு ஊரானுக்கு முடி வெட்டினவன் நான், எனக்குக் கேட்காது என்றுதான் நினைத்தேன். கேட்டது. என் நடைக்கு ஏற்ற நடையாய், அவசரப்படுத்தாமல், சரட்டு சரட்டு என்று பின்னால் வந்தது. மலையில் ஒரு கல்லில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுவிட்டு இறங்கினேன். அன்றைக்குத்தான் ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சாப்பாட்டில் உப்பு தெரிந்தது. மறுநாள் மறுபடியும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நடைக்கு நல்லது, சர்க்கரை குறைகிறது என்று வேறு சொல்லிக்கொண்டார்கள்.

பிரம்மசக்தி மதினி மட்டும் உள்ளேயே இருந்தாள். பதினாறு கழியாமல் வாசல் தாண்டக் கூடாது என்பது ஒரு காரணம். அவள் அழவில்லை என்பதுதான் ஊருக்குப் பெரிய காரியமாக இருந்தது. அழவைக்கப் பெண்கள் முறைவைத்து வந்தார்கள், கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், அவள் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். என் வீட்டுக்காரி போனபோது அவளிடம், நெஞ்சில் கையை வைத்தால் பலகையைத் தொட்டதுபோல் இருக்கிறது, ஒன்றுமே வரவில்லை, நான் அவியளுக்கு என்ன பெண்டாட்டி என்று கேட்டிருக்கிறாள். ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் செண்பகா, நீயும் ஒரு தடவை நடந்துதான் பாரேன் அம்மா, எனக்கும் கேட்டுச்சே என்று தினமும் சொன்னாள். தினமும் மதினி, பார்ப்போம் என்றாள். கடைசியில் ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே மகளிடம் உள்ளதைச் சொன்னாள்.

"ஊரு பூராவுக்கும் கேட்டுருக்கு. நான் போயி எனக்குக் கேக்கலன்னா, அப்புறம் நான் எப்படி இருப்பேன்?"

செண்பகா முறத்தை வாங்கி மிச்சத்தைப் புடைத்தாள்.

பதினாறாம் நாள் விசேஷம் நெருங்கியது. அன்றைக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துமுடித்தால் போகிறவர் போய்ச்சேர்ந்துவிடுவார் என்று ஐதீகம். போய்விட்டால் பாதையும் போய்விடும் என்று ஊருக்குப் பயம் வந்தது. பிள்ளையார் கோவில் மண்டபத்தில் கூடிப் பேசினார்கள். விசேஷத்தைத் தள்ளி வைப்போம், ஒரு வருஷம், இரண்டு வருஷம், பாதை பாட்டுக்குக் கிடக்கட்டும், ஒரு அலங்கார வளைவு கட்டி அவர் பெயரை எழுதுவோம் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. விசேஷத்தைத் தள்ளி வைத்த கதை எங்கள் ஜில்லாவிலேயே கிடையாது. ஆனால் அந்த வீட்டு அம்மா சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். கேட்டுவர என்னை அனுப்பினார்கள். எனக்கும் ஆசைதான், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நானும் தினமும் நடந்துகொண்டிருந்தவன்.

மதினி கேட்டுக்கொண்டாள். "நான் ஒரு தடவ நடந்து பாத்துட்டுச் சொல்லுதேன் வேலாயுதம்," என்றாள்.

வாசல் தாண்டலாமா என்று பெண்களுக்குள் வழக்கு வந்தது. பாதை படியோடு ஒட்டிக் கிடப்பதால் அதுவும் வாசல்தான், அதில் எவ்வளவு தூரம் போனாலும் வீட்டைத் தாண்டினதாகாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பதினாறாம் நாள் காலை வெளிச்சம் வந்ததும், செருப்பில்லாமல், தனியாக, அவள் படி இறங்கினாள். ஊர் அன்றைக்கு ஒருவரும் நடக்காமல் வழிவிட்டு நின்றது.

மேலே நடந்ததை அவள் பிற்பாடு என் வீட்டுக்காரியிடம் சொன்னாள். பங்க் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்காது என்று தெரிந்ததுதானே என்று நினைத்துக்கொண்டு, வெறுமனே காலை எடுத்துக் காலை வைத்து நடந்திருக்கிறாள். பைபாஸ் ரோடும் தாண்டி, மலை ஏற்றம் ஆரம்பித்த இடத்தில் பின்னால் சரளை நகர்ந்தது. நின்றாள், நின்றது. நடந்தாள், நடந்தது. கேட்டுவிட்டது. ஆனால் கேட்டதும் எங்களுக்கெல்லாம் வந்ததுபோல் அவளுக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. அவள் அந்தச் சத்தத்தையே கவனித்தாள். இடது கால் சரியாக விழுந்தது. வலது கால் இழுத்து இழுத்து விழுந்தது.

எங்களுக்கு அது நடைச் சத்தம், அவளுக்கு அது முட்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவுக்கெல்லாம் பங்கு கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் சிரித்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினதும், அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாராம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தனியாக வேலை செய்தபோது சின்னக் கம்பத்திலிருந்து சறுக்கி விழுந்ததில் போன முட்டி. அவள் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கற்பூரம் போட்டுச் சூடாகத் தேய்ப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். வெளியே சொல்லிவிடாதே, அப்புறம் பாவம் என்று ஒருத்தரும் மலைக்கு வர மாட்டார்கள் என்பார். அவளும் சொன்னதில்லை. இப்போது அந்த முட்டி ஊர் மொத்தத்துக்கும் பின்னால், பதிமூன்று நாளாக, விடிந்ததிலிருந்து அடையும்வரை, உட்காராமல், எண்ணெய் இல்லாமல், ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு நெஞ்சில் என்னவோ அசைந்தது. அது கோபம். ஊர் மேல் கோபம், மாட்டேன் என்று சொல்லத் தெரியாத அந்த மனுஷன் மேல் அதைவிடக் கோபம்.

பாதையை விட்டு இறங்கிப் புல்லில் ஒதுங்கி நின்றாள்.

"முன்னால போங்க," என்றாள்.

சத்தம் நின்ற இடத்திலேயே நின்றது.

"எனக்கு வழி தெரியாது. ஒரு நாளாவது வந்துருந்தாத்தான தெரியும். நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாறேன். இனிமே யாரும் இல்ல, நான்தான் கடைசி."

பிறகு சரளை நகர்ந்தது. சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு அவளைத் தாண்டி முன்னால் போனது. அவள் பின்னால் ஏறினாள். அவசரப்படுத்தவில்லை. முட்டிக்கு ஓய்வு வேண்டிய இடத்தில் அவளும் நின்றாள். வளைவுக்கு வளைவு சத்தம் நின்றது, அவள் வருகிறாளா என்று பார்ப்பதுபோல் நின்றது, அவள் கையைத் தூக்கிக் காட்டினாள், மேலே நடந்தது. சுனைக்கு முந்தின வளைவில் அது நிற்கவில்லை. தண்ணீரில் கால் வைத்த சத்தம் ஒன்று கேட்டது, பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அவள் அங்கே உட்கார்ந்து, முதல் தடவையாக அந்தச் சுனையைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்தாள்.

அவள் வடக்குத் தெருவுக்குள் வரும்போது ஊரே வாசலில் நின்றது. அவள் ஒவ்வோர் அடி எடுத்து வைக்க, பின்னால் பாதை இல்லாமல் போய்க்கொண்டே வந்தது. பங்க் பக்கத்தில் தார் தெரிந்தது, பிறகு தெருமுனையில் தெரிந்தது, கடைசியில் படிக்கு முன்னால் இருந்த ஒரு முழமும் அவள் ஏறினதும் வெறும் சிமெண்டாகிவிட்டது. நான்தான் கேட்க வேண்டியவன்.

"மதினி, அண்ணாச்சி வந்தாவளா?"

"வந்தாவ. முன்னால போவச் சொன்னேன். போயிட்டாவ."

சங்கரபாண்டி கூட்டத்திலிருந்து வெளியே வந்தான். நாளைக்குக் காலையிலிருந்து தனக்கு யாரும் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது, எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"எங்களை ஒரு வார்த்த கேட்டுருக்கலாமே மதினி," என்றான். "அண்ணாச்சி உங்களுக்கு மட்டுமா? எங்களுக்கும்தான. இருந்தா அவியளுக்கு என்ன கஷ்டம், சும்மா பின்னாலதான நடந்து வந்தாவ?"

மதினி அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகத்தான் முதலில் நினைத்தேன்.

"வலது முட்டிய மடக்கினா உயிரு போவும் அவியளுக்கு," என்றாள். "பன்னெண்டு வருஷமா. ஒங்க ஒருத்தருக்கும் தெரியாதா?"

யாருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருஷம், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, எத்தனையோ வளைவு, அத்தனையிலும் திரும்பிப் பார்த்திருக்கிறோம், தூக்கின கையைப் பார்த்ததும் போதும் என்று முன்னால் திரும்பிக்கொண்டிருக்கிறோம். மதினி, வலிச்சிருக்குமே, வலிச்சிருக்குமே என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்ல வரும்போது படியில் உட்கார்ந்துவிட்டாள், பதினாறு நாளாக வராத அழுகை வந்தது. தேற்ற வேண்டிய பெண்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நாங்கள் இருநூறு பேரும் அவளைப் பார்க்க முடியாமல், அவரவர் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.